ஆவுடையார்பேட்டைக் குப்பை வீடு திரும்பிய கதை

எங்கள் ஆவுடையார்பேட்டையில் குப்பை வீடு திரும்ப ஆரம்பித்தது ஆனி மாதச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில். வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், முந்தின நாள் நகராட்சி வண்டியில் என் கையாலேயே தூக்கிப் போட்ட அறுந்த செருப்பும், அடிப்பிடித்துப்போன அலுமினியச் சட்டியும், ஒரு பை நிறைய ஜாக்கெட் வெட்டிய துண்டுத்துணியும் படிக்குக் கீழே வரிசையாக, வேலை கேட்டு வந்தவர்கள் மாதிரி பவ்யமாக நின்றுகொண்டிருந்தன. கதவைத் தட்டவில்லை, சத்தம் போடவில்லை. தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பூரணத்தின் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி மூன்று காலால் நொண்டிக்கொண்டு, ரோட்டின் இடதுபக்க ஓரமாகவே, பால்காரனுக்கு வழிவிட்டு, மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"சவம், இது நேத்து போட்டதுல்லா" என்றேன்.

"எனக்கும் நேத்து போட்டதுதான் வருது" என்றாள் பூரணம். பிறகு இரண்டு பேரும் கோலம் போடப் போனோம், பால் வாங்க நேரமாகிவிட்டதே.

ஏன் வந்தது, எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் இசக்கியம்மாள், லேடீஸ் டெய்லர், ஜாக்கெட் கை ஏன் இறுக்கிப் பிடிக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வேன். ஊரில் சிலர் அம்மன் கோபம் என்றார்கள், சிலர் செல்போன் டவர் என்றார்கள், நகராட்சி சேர்மன் எதிர்க்கட்சி வேலை என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பெண் பிலோமினா வந்து என் மாடியறையில் குடியேறி, குப்பைமேட்டில் கால் வைத்த மறுநாள்தான் இது தொடங்கியது என்பதுதான். அதையும் அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை, அவரவர் வாசல் அவரவர்க்குப் போதுமானதாக இருந்தது.

பிலோமினா சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிற பிள்ளை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னை, பெங்களூர் என்று ஏசி ரூம் தேடிப் போயிருக்க, இவள் மட்டும் எங்கள் ஊர் நகராட்சிக் குப்பைக்கிடங்கைக் கேட்டு வாங்கி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கு நகராட்சி ஆபீசில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எழுந்து நின்று, மனப்பாடச் செய்யுள் மாதிரி சொன்னாளாம்:

"பேரு பிலோமினா. சுற்றுச்சூழல் பொறியியல், மூணாம் வருஷம். வளந்தது பாளையங்கோட்டைல, சிஸ்டர்ஸ் நடத்துத ஹோம்ல. பொழுதுபோக்கு கேரம், அப்புறம் சமையல் வீடியோ பாக்கது. சொந்த ஊர் தெரியாது. பொறந்த மூணாவது நாளோ நாலாவது நாளோ இந்த ஊர் குப்பைமேட்டுல என்னை எறிஞ்சிட்டுப் போயிருக்காங்க. அதான் இந்த ஊரைக் கேட்டு வந்தேன்."

சேர்மன் கையிலிருந்த உளுந்துவடை சட்னிக்குள் விழுந்துவிட்டது.  பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவள் பாட்டுக்கு மேட்டுக்குப் போய்விட்டாள்.

சமையல் வீடியோ பார்ப்பாள் என்றேனே, அவ்வளவுதான், பார்ப்பதோடு சரி, வெந்நீர்கூட வைக்கத் தெரியாது, சாப்பாடு என் வீட்டில்தான். கேரம் வேறு விஷயம். தெருமுனை மன்றத்தில் சாயங்காலம் உட்கார்ந்தாள் என்றால், மீசை வைத்த பயல்கள் எல்லாம் ஒரு காய்கூடப் போடாமல் எழுந்து போவார்கள். சிவப்புக் காய், அந்த ரெட்டைப் போட்டுவிட்டு அடுத்த காயை எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், கருணையே இருக்காது.

சரி, குப்பைக்கு வாரேன்.

முதல் வாரம் ஊர் மானம் போயிற்று. வாசல் கதவில் 'சுத்த சைவம்' என்று பெயிண்ட்டில் எழுதிப்போட்டிருந்த ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் சங்கரலிங்கம் சார் வீட்டுக்குக் கோழி எலும்பு வந்தது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, எட்டுவீட்டு விசேஷத்துக்குக் காணும். மதுவிலக்கு மாநாட்டில் ஊரையே அழ வைத்த ஹெட்மாஸ்டர் வீட்டு முன்னால் குவார்ட்டர் பாட்டில்கள் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் போல உயரவாரியாக நின்றன. சேர்மனுக்குப் போட்ட பொன்னாடைகள் எல்லாம் போர்த்திய கையைத் தேடாமல், அவர் தூக்கி எறிந்த கையைத் தேடி, சரசரவென்று அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன. "அன்புத் தொண்டர்கள் மறுபடியும் அனுப்பியிருக்காவ" என்று அவர் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் வெட்கம் தீர்ந்துவிட்டது. எல்லார் வாசலிலும் பாட்டில் நிற்கும்போது யார் யாரைப் பார்த்துச் சிரிக்க? சில கெட்டிக்காரர்கள் குப்பையைப் பையில் கட்டி அடுத்த ஊரில் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள், அது காலை முதல் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கியது, கண்டக்டர் பின்னாலேயே வந்து லக்கேஜ் டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டார். பெண் பார்க்கப் போவதற்கு முந்தி வாசல் பார்க்கப் போகிற வழக்கம் வந்தது. விடியலில் சம்பந்தி வீட்டார் இரண்டு பேர் நடைப்பயிற்சி போகிற மாதிரி அந்தத் தெருவில் போய், என்ன நிற்கிறது, மாத்திரை அட்டை எத்தனை, முடிச்சாயப் பாக்கெட் யாருக்கு என்று கண்ணாலேயே அளந்துவிட்டு வந்தபிறகுதான் ஜாதகம் எடுத்தார்கள். அழுகிப்போனது எல்லாம் அழுகினபடி வரவில்லை, வாசலுக்கு இரண்டு கை கரிசல் மண்ணாக வந்தது. அதில் பூரணம் ரோஜா வைத்தாள், சும்மா சொல்லக்கூடாது, இட்லித்தட்டு அகலம் பூத்தது. ஊரை விட்டுப் போனவர்களின் குப்பை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று. செத்துப்போனவர்களின் குப்பை சுடுகாட்டுக் கேட் முன்னால் போய் நின்று, வெயில் ஏறியதும் படுத்துக்கொண்டது.

பிலோமினா மட்டும் இதை வேடிக்கை பார்க்கவில்லை, வேலையாகப் பார்த்தாள். தேங்காய்ச் சிரட்டைகளைச் சேர்த்து, வீட்டுக்கு ஒரு நிறமாகப் பெயிண்ட் அடித்து, என் சிரட்டையைப் பூரணத்திடமும் பூரணத்தின் சிரட்டையைச் சங்கரலிங்கம் சாரிடமும் கொடுத்து எறியச் சொல்லி, யார் வீட்டுக்கு எது வருகிறது என்று விடிய எழுந்து தெருவில் நின்று பார்த்தாள். சொந்தக்காரர் யார் என்று குப்பை பார்ப்பதில்லை, எறிந்த கையைத்தான் பார்க்கிறது என்று அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் அவள்தான் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கிழியாத பழைய சேலை, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சட்டை, இன்னும் ஓடுகிற கடிகாரம், இதையெல்லாம் குப்பையில் போடமாட்டோம். ஒரு பையில் மடித்துக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிடுவோம். யாராவது எடுத்துப் போவார்கள், யார் என்று பார்க்கமாட்டோம், பார்க்கவும் கூடாது. அப்படி வைத்தது எதுவும் திரும்பி வரவில்லை. சிரட்டையிலும் செய்து பார்த்தாள். எறிந்த சிரட்டை வந்தது, வைத்த சிரட்டை வரவில்லை.

இதைக் கேட்டதும் ஊர் சும்மா இருக்குமா? பாதிப் பேர் பிள்ளைகளின் டயப்பரைச் சுருட்டி, "யாருக்காவது ஒதவும்" என்று வாயால் சொல்லிக்கொண்டு சுவர்மேல் வைத்தார்கள். அது வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, பால்காரனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. சங்கரலிங்கம் சார் மட்டும் ஜெயித்தார். எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று, எலும்பை இலையில் எடுத்துவந்து தெருநாய் டைகர் முன்னால் உட்கார்ந்து, "சாப்பிடுல, மெதுவா சாப்பிடு" என்று வைப்பார். நிஜமாகவே நாய்க்கென்று வைத்தது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கதவில் இருந்த எழுத்தையும் அழித்துவிட்டார்.

இப்படி நாங்கள் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஒருநாள் விடியலில் ஊர் முழுக்க மாஸ்க்காக வந்தது. காதில் மாட்டுகிற கயிற்றால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நீலமும் வெள்ளையுமாக, ஆயிரக்கணக்கில் வந்தது. இது நேற்றுப் போட்டதில்லையே, கொரோனா காலத்துச் சாமானில்லையா? பிலோமினா சோறு சாப்பிடாமல் மேட்டுக்கு ஓடினாள். அங்கே ஜேசிபி வைத்து ஒரு பக்கமாகக் குழி வெட்டச் சொல்லி, உள்ளே இறங்கி, பழைய எண்ணெய் பாக்கெட்டுகளில் அடித்திருக்கிற தேதியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மத்தியானம் வந்து என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடு மேலேருந்து கீழ காலியாகிட்டே வருதுக்கா. புதுசு முதல்ல, பழசு பிறகு. மாஸ்க் அடுக்கு போயிட்டு. அடுத்து பட்டன் போன் அடுக்கு. அதுக்கும் கீழ சிடியும் கேசட்டும் கலந்து கெடக்குத அடுக்கு ஒண்ணு இருக்கு."

"இருந்துட்டுப் போவுது. உனக்கென்னட்டி?"

"அது நான் பொறந்த வருஷம்க்கா."

மிஷின் பெடலில் இருந்த என் கால் தானாக நின்றுவிட்டது. எறிந்ததெல்லாம் எறிந்த கையைத் தேடிப் போகிறது. அந்த வருஷத்துக் குப்பை கிளம்புகிற அன்றைக்கு இவள் காலும் கிளம்பும். இந்த ஊரில் ஏதோ ஒரு வாசலில் போய் நிற்கும். இதுதான் அவள் நினைப்பு.

"யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வே?" என்றேன்.

"ஒண்ணும் செய்யமாட்டேன்க்கா. குடிக்கத் தண்ணி கேப்பேன். தாராங்களான்னு பாப்பேன்."

 மனசு கேட்காமல் பூரணத்திடம் மட்டும், உன்னோடு இருக்கட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். சாயங்காலம் கேரம் மன்றத்துப் பயல்கள் அவளுக்கு ரெட்டை விட்டுக்கொடுத்தார்களாம். அவ்வளவுதான் எங்கள் ஊர் சத்தியம்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. அவளுக்குத் தாயாக இருக்கிற வயசுள்ள பெண்பிள்ளைகளை எல்லாம் புருஷன்மார் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீக்கடை முன்னால் நின்று, "எறிஞ்சது பொம்பளைன்னு எவன்ல சொன்னான்? ஆம்பளைக்குக் கையில்லையா?" என்று ஒரு சத்தம் போட்டேன். மறுநாளே சேர்மன், ஆனி மாதத்தில் யாருமே போகாத சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். ஹெட்மாஸ்டருக்குக் காசி ஞாபகம் வந்தது. வேறு சிலரோ இதற்கு நேர்மாறாக இருந்தார்கள். பிள்ளையில்லாத லலிதா டீச்சர், ஜன்மத்தில் ஒரு துரும்பைக்கூட எறியாதவள், தினம் விடியற்காலையில் வாசலில் பெரிய கோலமாகப் போட்டு, பால்பாயசம் வைத்து மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். "பாதை தவறிக்கூட வரலாம்லா" என்றாள். அவளை யாரும் கேலி செய்யவில்லை.

பட்டன் போன்கள் வந்தன, வாசலில் நின்று ஒருதடவை மணியடித்துவிட்டு அடங்கின. பிறகு சிடி வர ஆரம்பித்தது, தெருவெல்லாம் வானவில் பளபளத்தது.

கேசட்டும் சேர்ந்து வரப்போகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிலோமினா என்னுடைய அளவு டேப்பை வாங்கினாள். ஒரு முனையைத் தன் கணுக்காலில் கட்டி, மறுமுனையை என் கையில் கட்டினாள். "தூக்கத்துல என்னை இழுத்துட்டுப் போச்சுன்னா நீங்களும் கூட வரணும்க்கா. தனியாப் போய் நிக்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள். கேரம் போர்டில் கருணையே காட்டாத பிள்ளை, முடிச்சை மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். நான் என் கையில் டேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். 

விடிந்தபோது நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம், அவள் பூட்ஸ் போட்டுத் தலைவாரித் தயாராக இருந்தாள். தெருவில் ஊரே நின்றது. சேர்மன் கழுத்தில் மாலையோடு நின்றார், மலைக்கு இன்னும் போகவில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து கேசட்டுகள் நாடாவை இழுத்துக்கொண்டு வந்தன, டேப் ரிக்கார்டர்கள் ஒற்றைக் கதவு திறந்தபடி வந்தன, மண்ணெண்ணெய் ஸ்டவ், தூளியின் கம்பி, கண்ணாடிப் பால்புட்டி, ஒற்றைக் கொலுசு எல்லாம் வந்து, எங்களைத் தாண்டி, அதனதன் வாசலைத் தேடிப் போயின. ஒவ்வொன்று தாண்டும்போதும் பிலோமினா தன் காலைப் பார்த்தாள். கால் அசையவில்லை. சுடுகாட்டுப் பக்கம் திரும்பவில்லை, பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் திரும்பவில்லை. டேப் தளர்ந்து தரையில் கிடந்தது.

கேசட் வருவது நின்று, அதற்கும் பழைய வால்வு ரேடியோக்கள் வர ஆரம்பித்தன. அடுக்கு தாண்டிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"பிஞ்ச செருப்புக்குக்கூடப் போக வீடு இருக்குக்கா" என்றாள் பிலோமினா. "எனக்கு ஒரு வாசல்கூட இல்லையா?" அப்புறம் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. லலிதா டீச்சர் பாயசச் சொம்போடு பாதித் தெருவில் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் சங்கரலிங்கம் சார் டைகரோடு முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, நான் நாய்க்கு வைக்குத எலும்பும்தான் திரும்பி வரமாட்டேங்கு" என்றார்.

"ஓய், அழுத பிள்ளைகிட்ட எலும்புக் கதையா பேசுதீரு? புத்தி கெட்டுப் போச்சா?" என்று பூரணம் பாய்ந்தாள். நானும் பாயத்தான் வாய் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கையில் கட்டியிருந்த டேப்பை இழுத்து அவளை நிமிர வைத்தேன்.

"ஏட்டி, உன்னை எங்க வச்சு எடுத்தாங்கன்னு சிஸ்டர்மார் சொன்னாவ?"

"குப்பைமேட்டுல."

"மேட்டுல எங்கன? சரியாச் சொல்லு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "கேட்டுக்கு வெளிய ஒரு கல்லு இருக்கும்லாக்கா, லாரி டிரைவருங்க காலைல உக்காந்து டீ குடிக்கது. அந்தக் கல்லு மேல. ஒயர் கூடைல. ரெண்டு துண்டு சுத்தி, அதுக்கு மேல ஒரு சேலையும்."

"குப்பையை எவளாவது ரெண்டு துண்டு சுத்தி எறிவாளாட்டி, கோட்டி! விடிஞ்சா ஆள் வந்து உக்காருத கல்லு மேல எறிவாளா? சிரட்டைக்கு எல்லாம் பெயிண்ட் அடிச்சு நீதான சொன்னே, எறிஞ்சது வரும், வச்சது வராதுன்னு? ஊர்க்குப்பை பூராவும் வந்துட்டு. நீ ஒருத்தி அசையல. உன்னை ஒருத்தரும் எறியலட்டி. யாராவது எடுத்துக்கட்டும்னு வச்சிட்டுப் போயிருக்காவ."

 வால்வு ரேடியோ ஒன்று கரகரவென்று சத்தம் போட்டபடி ஓரமாகப் போயிற்று. பிலோமினா என்னைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், கட்டியிருந்த டேப்பைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், மூக்கில் சளியும் கண்ணில் தண்ணீருமாக, அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, பூரணத்துக்கும் வந்துவிட்டது, சங்கரலிங்கம் சார் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் டைகரைத் தடவிக்கொண்டு நின்றார். லலிதா டீச்சர் வந்து பாயசத்தை ஊற்றிக் கொடுத்தாள். பிலோமினா குடித்துவிட்டு, "கொஞ்சம் தண்ணியும் வேணும் டீச்சர்" என்றாள். ஊரில் பாதிப் பேர் தண்ணி எடுக்க ஓடினார்கள். சேர்மன் அன்றைக்கே மாலையைக் கழற்றிவிட்டார்.

ஆடி பிறப்பதற்குள் மேடு வெறும் தரையாகிவிட்டது. குப்பை வருவது நின்றுபோனது, அதற்குள் எறிகிற பழக்கமும் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. எதைத் தூக்கினாலும், இது யாருக்கு என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறோம். கடைசி நாள் நகராட்சி ஆபீசில் அவள் தன் வேலையைப் பற்றிப் பேசினாள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். எழுந்து நின்று ஆரம்பித்தாள்:

"பேரு பிலோமினா. சுற்றுச்சூழல் பொறியியல், மூணாம் வருஷம். பொழுதுபோக்கு கேரம், சமையல் வீடியோ பாக்கது. சொந்த ஊர் ஆவுடையார்பேட்டை. இங்கதான் என்னை வச்சிட்டுப் போயிருக்காங்க."

சேர்மன் இந்தத் தடவை வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் காம்பவுண்டுச் சுவர்மேல் அந்த ரப்பர் பூட்ஸ். கழுவித் துடைத்து, இரண்டையும் சேர்த்து வைத்திருந்தாள். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கக்கூடாது, எங்கள் ஊர் வழக்கம். என் காலுக்கு ரொம்பப் பெரிசு, தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு பூட்ஸ் எதற்கு? ஆனாலும் வேறு யாரும் வருவதற்குள் நான் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.